காற்றுக்கு ஒரு நிரல், கைக்கு ஒரு நிரல்

இரண்டு பேர் ஓர் இணையக் கோல்ஃப் விளையாட்டுக்காகச் செய்த விரிதாளைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. ஒருவர் மட்டக்களப்பு நகரில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறார், வீடு நாவலடி. மற்றவர் அவருடைய மச்சான், ஆரையம்பதியில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கிறவர். இருவரும் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. கிழக்கில் கோல்ஃப் பார்க்க வேண்டுமென்றால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் மைதானம் இருக்கிறது, அங்கும் போனதில்லை. நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன். தாள் ஒரு கட்டத்தில் குழம்பிப்போய், “சேர், ஒருக்காப் பாருங்க, நேற்று வரைக்கும் சரியாத்தான் வேலை செஞ்சது” என்று கொண்டுவந்தார்கள். “நேற்று வரைக்கும்” என்பது உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது. அதுதான் இந்த ஆய்வின் முக்கியமான பகுதி.

அவர்கள் விளையாடுவது வேர்ல்ட் கோல்ஃப் டூர். 2008இல் உலாவியிலேயே ஆடக்கூடிய விளையாட்டாக வந்தது. உண்மையான மைதானங்களைப் புகைப்படம் எடுத்து, அந்தப் படங்களின் மேலேயே பந்தை ஓடவிடுவதுதான் இதன் தனித்தன்மை. கலிபோர்னியாவின் பெபிள் பீச் கடற்கரை மைதானம் இதில் இருக்கிறது. ஆட்டக்காரரின் தரம் ஏற ஏற தொடங்கும் இடம் பின்னால் போகும், கிரீன், அதாவது குழியைச் சுற்றிய கட்டைப் புல்தரை, வேகமாகும். அதனால் கண் மட்டத்தில் பழகிய கணக்கு அடுத்த தரத்தில் உதவாது. இவர்கள் தாள் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்ததும் அப்படித் தரம் ஏறிய பிறகுதான்.

ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னால் திரை தருவது கொஞ்சம்தான். குழியில் நிற்கும் கொடிக்கு எத்தனை யார்ட், அது எத்தனை அடி மேடு அல்லது பள்ளம், காற்று மணிக்கு எத்தனை மைல், அது போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி, பந்து கிடக்கும் இடம் புல்லா மணலா. திருப்பிக் கொடுக்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு பலம், எந்தப் பக்கம் எவ்வளவு விலக்கிக் குறிபார்ப்பது. பலத்தை ஓடும் ஒரு மானியில் நிறுத்த வேண்டும். பிறகு திரும்பி வரும் கோடு நடுக்கோட்டில் நிற்கும்போது சொடுக்க வேண்டும். சரியாக விழுந்தால் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இந்தக் கதையில் பிறகும் வரும்.

காற்றைத் துணித்தல்

மாணவருக்கு இந்தப் பகுதி இலகு. காற்று ஒரு காவி, அதாவது அளவும் திசையும் உள்ள கணியம்; விசையைத் துணிக்கிற மாதிரித் துணித்தால் சரி. குறிபார்க்கும் திசையோடு அம்பு அமைக்கும் கோணத்தின் கோசைன் நீளவாக்குக் கூறு, சைன் குறுக்குக் கூறு. நீளவாக்குக் கூறு பலத்தை மாற்றும், குறுக்குக் கூறு குறியை மாற்றும்.

கோணத்தைப் பாகையில் கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்று கடைக்காரத் தம்பி முதலிலேயே சொல்லியிருக்கிறார். போன் திருத்த வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் பழகியவர். அதனால் கலத்தில் மணிக்கூட்டு முகம் வைத்தார்கள். அம்பு 12ஐக் காட்டினால் முன்னோக்கி, 3 என்றால் வலப்பக்கம், 6 என்றால் நேரே முகத்துக்கு. ஒரு மணி 30 பாகை, அரை மணி 15 பாகை. கீழிறங்கும் பட்டியலில் 24 தெரிவுகள், அவ்வளவுதான். இந்தத் தாளில் எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்பு முடிவு இதுதான். கணக்கு நுணுக்கமாக இருந்து, உள்ளே போகும் எண் ஊகமாக இருந்தால் என்ன பலன்?

அந்த ஊகத்தின் விலையையும் மாணவர் கணக்குப் பார்த்திருந்தார். நேர் எதிர்க்காற்று 14 மைல் என்று வையுங்கள். அம்பை அரை மணி பிழையாக வாசித்தால் நீளவாக்குக் கூறு அரை மைல் அளவுக்குக்கூட மாறாது. குறுக்குக் கூறு 3.6 மைல் மாறிவிடும். குறுக்குக் காற்றென்றால் இதன் மறுபக்கம்: திசை தப்பாது, தூரம் தப்பும். ஆகவே எதிர்க்காற்றில் அம்பை நன்றாகக் கவனிப்பது பக்கவாட்டுக் குறிக்காக. ஆட்டக்காரர்கள் பலர் எதிர்க்காற்று என்றதும் பலத்தைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள்.

முதல் வடிவத்தில் ஒரு வழக்கமான வழு இருந்தது. விரிதாளின் கோசைன் சார்பு கோணத்தை ஆரையன் என்ற வேறோர் அலகில் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் வழு என்று கத்தாது. பேசாமல் ஓர் எண்ணைத் தரும். 150 பாகையின் கோசைன் −0.87. 150ஐ ஆரையனாக எடுத்தால் +0.70. எதிர்க்காற்று பின்காற்றாக மாறிவிடும், அளவும் பார்க்க நம்பத் தகுந்ததாக இருக்கும். ரேடியன்ஸ் சார்புக்குள் போட்டதும் அது தீர்ந்தது. இது எல்லா வகுப்பிலும் நடப்பதால் நீட்டவில்லை.

எங்கிருந்து, எங்கே

இதைவிடச் சுவையானது அடுத்த வழு. நாவலடியில் கரைவலைக்காரர்கள் நடுவே வளர்ந்தவருக்குக் காற்று என்றால் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான். கச்சான் மேற்கிலிருந்து, வாடை வடக்கிலிருந்து. வானிலை அறிவிப்பும் இதே வழக்கத்தில்தான் சொல்லும். விளையாட்டின் அம்போ காற்று எங்கே போகிறது என்பதைக் காட்டும். மாணவர் சமன்பாட்டை அம்பின்படி எழுதினார். ஆடிய ஷொட்டுகளை எழுதும் பதிவேட்டை நிரப்பிய கடைக்காரத் தம்பி காற்று வரும் திசையைப் போட்டார். ஒருவர் ஆடி மற்றவர் எழுதிய நாட்களிலெல்லாம் குறி தலைகீழ். ஒருவரே ஆடி எழுதிய நாட்களில் சில சரி, சில பிழை.

இதன் கனத்தைக் காட்ட பெபிள் பீச்சின் 7ஆவது குழியை எடுக்கிறேன். உலகப் புகழ் பெற்ற குட்டிக் குழி அது. தூரம் 100 யார்டைச் சற்றே தாண்டும், கீழ்நோக்கி அடிக்க வேண்டும், கிரீனுக்குப் பின்னால் பசிபிக் கடல். கொடி 106 யார்ட், பள்ளம் 36 அடி, காற்று 14 மைல், அம்பு 5 மணியைக் காட்டுகிறது என்று வைப்போம். கோணம் 150 பாகை. நீளவாக்கில் 12.1 மைல் எதிர்க்காற்று, குறுக்கே 7 மைல் வலப்பக்கமாக.

உண்மையான கோல்ஃபில் ஒரு கைக்கணக்கு உண்டு: எதிர்க்காற்று மைலுக்குத் தூரத்தில் 1 சதவீதம் தின்னும், பின்காற்று மைலுக்கு அரைச் சதவீதம்தான் கொடுக்கும். எதிர்க்காற்றில் பந்தைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம் கூட, இழுவையும் தூக்குவிசையும் அதன் வர்க்கத்தோடு கூடுகின்றன. பந்து எம்பி நின்று, செங்குத்தாக விழும். ஆகவே எதிர்க்காற்றுக்கும் பின்காற்றுக்கும் ஒரே குணகம், அதாவது மைலுக்கு இத்தனை சதவீதம் என்ற எண், போட முடியாது. தாளில் இரண்டு தனி நிரல்கள் வைத்தது சரியான முடிவு. எடுத்துக்காட்டில் 12.1 சதவீதம் என்றால் 12.8 யார்ட் கூட்ட வேண்டும்.

பள்ளத்துக்கு எல்லோரும் சொல்வது 3 அடிக்கு 1 யார்ட். அது பந்து 45 பாகையில் இறங்கும்போது மட்டும் உண்மை. உயரத்தை இறங்கு கோணத்தின் தான்சனால் வகுத்தால்தான் சரியான திருத்தம் வரும். கிட்டத் தூரத்துக்கான வெட்ஜ் மட்டையால் அடித்த பந்து ஏறத்தாழ 50 பாகையில் இறங்கும். 36 அடி, அதாவது 12 யார்ட், பள்ளத்துக்கு 10 யார்ட் குறைத்தால் போதும். நீண்ட தூரத்துக்கான டிரைவர் மட்டையால் அடித்தது 38 பாகை அளவில் தட்டையாக இறங்கும். அதே பள்ளத்துக்கு 15 யார்டுக்கு மேல் குறைக்க வேண்டும். அதனால் கிளப் (மட்டை) அட்டவணையில் இறங்கு கோணத்துக்கும் ஒரு நிரல் வந்தது.

ஆக 106இல் 12.8ஐக் கூட்டி 10ஐக் கழித்தால் 109 யார்ட் போல அடிக்க வேண்டும். திசை தலைகீழானால் தாள் பின்காற்றென்று எடுத்து, 12.8ஐக் கூட்டாமல் 6.4ஐக் கழித்து, இதே ஷொட்டுக்கு 90 யார்ட் என்று சொல்லும். 19 யார்ட் வித்தியாசம், குறியும் எதிர்ப்பக்கம். இப்படிப் பெரிதாகப் பிழைத்தால் உடனே பிடிபட்டிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பிடிபடவில்லை. ஏனென்றால் அதற்குள் குணகங்களைக் கையால் திருத்தும் பழக்கம் வந்துவிட்டது.

திரையில் அடிமட்டம்

அதற்குப் போவதற்கு முன் குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் 4 யார்ட் விலக்கு என்று தாள் சொன்னாலும் திரையில் 4 யார்ட் என்பது எவ்வளவு? கடைக்காரத் தம்பி மடிக்கணினித் திரையின் மேல் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்தார். “மச்சான், 106 யார்ட்டுல 4 யார்ட், 200 யார்ட்டுல 4 யார்ட், ரெண்டும் திரையில ஒண்டில்ல” என்று அவர் சொல்ல, மாணவர் அதைச் சமன்பாடாக்கினார். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும் கமராவுக்குத் திரை விலகல், உண்மையான விலகலைத் தூரத்தால் வகுத்த விகிதத்தோடு மாறும். ஆக ஒரே ஒரு மாறிலி போதும். அந்தத் திரைக்கு மாறிலி 47 சென்டிமீட்டர் என்றால், 4.2 யார்ட் விலகல் 106 யார்ட் தூரத்தில் 1.9 சென்டிமீட்டர். வேறு மடிக்கணினி என்றால் வேறு மாறிலி. பார்வையைப் பெரிதாக்கினால் மாறிலி செல்லாது. கணக்குத் தெரியாதவர் தொடக்கி, கணக்குத் தெரிந்தவர் முடித்த வேலை இது. தாளிலேயே மிகவும் நேர்மையாக வேலை செய்த பகுதியும் இதுதான்.

ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒரு திருத்தம்

என்னிடம் வந்தபோது தாளில் குணகங்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் நிறைந்திருந்தன. ‘கூட்டினது’, ‘மறுகா குறைச்சது’, ‘இது சரி, மாத்த வேணாம்’, அதன் கீழேயே மாற்றிய புது எண். ஷொட் 3 யார்ட் குட்டையாக விழுந்தால் குணகத்தை 3 யார்டுக்கு ஏற்ற மாதிரி உயர்த்துவது. அடுத்தது நீண்டால் இறக்குவது. இருவருக்கும் இது கற்றுக்கொள்வது போலத் தெரிந்திருக்கிறது. தாளைப் பழுதாக்கியது இதுதான் என்பது என் முடிவு.

விளக்கம் பழையது. டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் தரக்கட்டுப்பாட்டு வகுப்புகளில் ஒரு புனலும் கோலிக்குண்டும் வைத்துக் காட்டுவார். புனலைக் குறிக்கு நேரே பிடித்து குண்டை விழவிட்டால் அது குறியைச் சுற்றிச் சிதறி விழும். ஒவ்வொரு முறையும் குண்டு எவ்வளவு தள்ளி விழுந்ததோ அவ்வளவு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்தினால் சிதறல் குறையும் என்று தோன்றும். உண்மையில் மாறற்றிறன், அதாவது நியம விலகலின் வர்க்கம், இரண்டு மடங்காகும். நியம விலகல் 41 சதவீதம் கூடும். போன குண்டின் தற்செயலான விலகலை நாம் அடுத்த குண்டின் தலையில் கட்டிவிடுகிறோம், அதற்கு அதன் சொந்த விலகலும் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு மட்டும் திருத்தினால் மாறற்றிறன் 5 சதவீதமளவே கூடும். முழுத் திருத்தம்தான் நாசம்.

இந்த விளையாட்டில் தற்செயல் எங்கிருந்து வருகிறது என்பது மறைவானதல்ல. ஒவ்வொரு கிளப்புக்கும் துல்லியம், பிழை பொறுக்கும் தன்மை என்று தர அளவுகளை விளையாட்டே காட்டுகிறது. துல்லியம் குறைந்த கிளப் எல்லாம் சரியாக இருந்தாலும் கொஞ்சம் விலகும். அது எழுமாறானது, எந்தச் சமன்பாட்டுக்கும் பிடிபடாது. அதற்கு மேல் ஆட்டக்காரரின் கை. மானிக் கோடு நடுவுக்கு முன்னோ பின்னோ நின்றால் பந்து பக்கம் போகும். அது காற்றின் குற்றமல்ல.

பதிவேட்டில் அந்தப் பிரிப்பு இல்லை. எல்லா விலகலும் ஒரே நிரலில் ‘இடம் 2’, ‘வலம் 5’ என்று கிடந்தது. கையின் பிழையைக் காற்றின் குணகம் சுமந்தது. திசை தலைகீழான பதிவுகளையும் அதே குணகம் சுமந்தது. எதிரெதிரான பிழைகள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் ஒரு பொருளில்லாத எண்ணில் நின்றன. சில நாள் அது தற்செயலாகப் பொருந்தும். “நேற்று வரைக்கும் சரி” என்பது அந்த நாட்களின் நினைவு.

செய்த திருத்தங்கள் இவை. மானிக்கு ஒரு தனி நிரல்: டிங், முந்தியது, பிந்தியது. குணகக் கணிப்புக்கு டிங் கேட்ட ஷொட்டுகள் மட்டும். காற்றின் நிரலுக்கு மேலே சிவப்பில் ‘அம்பு போகும் பக்கம்’ என்று எழுதி வைத்தார்கள். குணகக் கலங்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார்கள். கடவுச்சொல் மாணவரிடம், ஆடுவது பெரும்பாலும் மற்றவர். ஒரு கிளப்புக்கு 25 நல்ல பதிவுகள் சேர்ந்தால் மட்டும் பூட்டைத் திறந்து குணகத்தை மறுபடி கணிப்பது. 25 ஏன் என்று கேட்டார்கள். சராசரியின் தளம்பல் பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு குறையும். 25 என்றால் தனி ஷொட்டின் சிதறலில் ஐந்திலொன்று. 100 இருந்தால் பத்திலொன்று, ஆனால் அதுவரை யார் பொறுத்திருப்பது?

பழைய பதிவுகளை என்ன செய்வது என்பதில் இருவருக்கும் சண்டை. “எவ்வளவு நாள் எழுதினது சேர், எறிய மனசு வருதில்ல” என்றார் கடைக்காரத் தம்பி. திசை எது என்று உறுதியாகச் சொல்ல முடியாத பதிவுகளைக் குறியை ஊகித்துத் திருப்பிப் போடலாம் என்பது அவர் வாதம். பொருந்தும் பக்கமாகத் திருப்பினால் எந்தச் சமன்பாடும் பொருந்தும் என்பது மாணவரின் பதில். மாணவர் சொன்னதே சரி. பழையவை தனித் தாளுக்குப் போயின, அழிக்கவில்லை.

டிங் கேட்ட ஷொட்டுகளை மட்டும் சிதறல் வரைபில் போட்டதும் வெட்ஜுகளுக்குக் கோடு தெளிவாகத் தெரிந்தது, நீண்ட கிளப்புகளுக்குத் தெரியவில்லை. நீண்ட கிளப்பில் தரையில் உருளும் தூரமும் கலக்கிறது. பந்து விழுந்த இடத்தையும் நின்ற இடத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். அது இன்னும் முடியாத வேலை. மானி நிரலோ உடனே பயன் தந்தது. கடைக்காரத் தம்பியின் விலகல்களில் பெரும்பங்கு ‘முந்தியது’ என்ற சொல்லுக்கு எதிரே இருந்தது. காற்றைத் திட்டிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் விளையாட்டில் மானி மெதுவாக ஓடும் பந்து ஒன்றை வாங்கினார்.

கிரீனில்

புட்டிங், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது, தனித் தாள். அங்கே தூரம் அடியில், உயரம் அங்குலத்தில். ஓர் அங்குல மேட்டுக்கு ஓர் அடி கூட்டு என்பது எல்லோரும் பழகிய விதி. இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்தளக் கருவியை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1930களில் செய்தார். அதிலிருந்து பந்து செக்கனுக்கு ஏறத்தாழ 6 அடி வேகத்தில் வெளியேறும். எத்தனை அடி உருளுகிறதோ அதுவே கிரீனின் எண். அந்த வேகத்தையும் உருளும் கோளத்தின் சக்தியையும் வைத்துக் கணித்தால் ஓர் அங்குலத்தின் விலை, ஸ்டிம்ப் எண்ணைப் பத்தால் வகுத்தால் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூட. எண் 10 என்றால் ஓர் அடிக்குச் சற்றே மேல். 13 என்றால் கிட்டத்தட்ட 1.4 அடி. தரம் ஏறி கிரீன் வேகமானதும் பழைய விதி குட்டையாக விழுத்தியதற்குக் காரணம் இதுதான். விளையாட்டின் பந்து நிஜப் பௌதிகத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. எழுதியவர்களின் சமன்பாட்டுக்குத்தான் கட்டுப்பட்டது. ஆனால் தொடக்க மதிப்பாக இதைப் போட்டு, பதிவுகளால் திருத்துவது வெறுங்கையோடு தொடங்குவதைவிட நல்லது. வளைவுக்கு ஒரு நிரல் வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை, எடுத்துவிட்டார்கள். வளைவைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

இது கள்ள ஆட்டமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நிஜக் கோல்ஃபில் என்றால் ஆம். 2019இல் வந்த விதிகளில் 4.3ஆவது விதி தூரம் அளக்கும் கருவியை அனுமதிக்கிறது. மேடுபள்ளத்தை அளப்பதையும், தகவலைக் கணித்து எந்த கிளப், எந்தக் கோடு என்று சொல்லும் கருவியையும் தடுக்கிறது. முதல் தடவைக்கு இரண்டு ஷொட் தண்டம், மறுபடி செய்தால் நீக்கம். இங்கே மேடுபள்ளத்தையும் காற்றையும் விளையாட்டே எண்ணாகத் தருகிறது. எண்ணைத் தந்துவிட்டுக் கூட்டக் கூடாது என்று சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மானியைத் தானாகச் சொடுக்கும் மென்பொருள்கள் வேறு சாதி. அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தத் தாள் கையைத் தொடுவதே இல்லை.

இப்போது கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் தெரிந்தவர்கள் தாளைக் கேட்கிறார்கள். சமன்பாடுகள், மணிக்கூட்டுப் பட்டியல், பதிவேடு எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள். கிளப் அட்டவணையையும் திரை மாறிலியையும் மட்டும் வெறுமையாக்கிக் கொடுக்கிறார்கள். “எங்கட எண்ண வெச்சு என்ன செய்யப் போறாய்? உண்ட கிளப்பு வேற, பந்து வேற, திரை வேற. முதல்ல டிங் அடிச்சு இருபத்தஞ்சு எழுது, மறுகா கேள்” என்கிறார் கடைக்காரத் தம்பி. கேட்டவர்களில் பெரும்பாலானோர் இருபத்தைந்தை எட்டுவதில்லை. எட்டிய ஒருவர் அக்கரைப்பற்றிலிருந்து தன்னுடைய வெட்ஜ் குணகத்தை அனுப்பினார். இவர்களுடையதற்குக் கிட்டத்தில்தான் இருந்தது, பின்காற்றில் மட்டும் பெரிய வித்தியாசம். அவருடைய பதிவேட்டைக் கேட்டிருக்கிறார்கள்.